கோடம்பாக்கம் வரைக்கும்

செவ்வாய்க் கிரகத்தில் கோடம்பாக்கம் கிடையாது. இது ஷர்மிளாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதுவரை ஒரு தடவைகூட நேராகப் பேசியிராத தமயந்தியைப் பாளையங்கோட்டையிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"நான் ஷர்மிளா பேசுதேன். நறுமுகையோட அம்மா."

தமயந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தலையணை உறை பாதி மடிப்பில் நின்றது. நறுமுகையின் அம்மா என்றால் சரிதான், பெற்றவள் அவள்தானே. நாலு வயதில் அவள் விட்டுவிட்டுப் போன பிள்ளையை இருபத்தாறு வயது வரை வளர்த்துப் படிக்க வைத்து, செவ்வாய்க்குப் போகிற கப்பலில் ஏற்றி அனுப்பியவள் தமயந்தி. இரண்டு பேருக்கும் வெவ்வேறு காலத்தில் புருஷனாக இருந்த ஞானசேகர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்தபோதே இந்த இரண்டு பெண்களுக்கும் பேச விஷயம் ஒன்றும் இருந்ததில்லை.

"சொல்லுங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கா. ஆனா அவ பேசுதது எனக்கு வெளங்கல. தூக்கமே வரலையாம். 'கோடம்பாக்கம் வரைக்கும் போறேன், அதுக்கு மேல முடியல'ங்கா. செவ்வாயில ஏதுங்க கோடம்பாக்கம்? போன வாட்டியும் இதத்தான் சொன்னா. பிள்ளைக்கு மண்டைல எதுவும் ஆயிட்டோன்னு பயமா இருக்கு."

தமயந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குழந்தை தூங்காது. கண்ணை மூடினால் இன்னொருத்தியும் போய்விடுவாள் என்று நினைத்ததோ என்னவோ, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கும். தமயந்திக்குத் தாலாட்டு தெரியாது. பாட வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். தெரிந்ததெல்லாம் அவள் தினம் வேலைக்குப் போய்வந்த மின்சார ரயில் பாதைதான். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே முதுகில் தட்டினாள். கோடம்பாக்கத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. அன்றைக்கு மட்டுமில்லை, எப்போதும் அங்கேதான் தூங்கும். நறுமுகை மாம்பலத்தைப் பார்த்ததே இல்லை என்று ஞானசேகர் கேலி செய்வார். காய்ச்சலிலும் பரீட்சைக் கவலையிலும் கல்லூரிக் காலம் வரை இந்த வண்டி ஓடியது.

இதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"கோடம்பாக்கத்துக்கு அடுத்து மாம்பலமா?" என்று கேட்டாள் ஷர்மிளா.

"ஆமா. மாம்பலம்."

"அப்போ இது எனக்கு வந்த சேதி இல்ல. இப்பத்தான வெளங்குது. நான் செஞ்சே குடுக்காத பலகாரத்தக் கேப்பா, நான் தொட்டே பாக்காத சைக்கிள் எங்கன்னு கேப்பா. மறந்துபோய் உளறுதான்னு நெனச்சேன். ஆனா ஒரு வாட்டியாவது 'சித்தி'ன்னு வாயத் தொறந்து சொல்லலாம்லா? சொல்லவே இல்லைங்க. அதான் எனக்குப் பிடிபடல."

அதுதான் தமயந்திக்கும் பிடிபடவில்லை.

செவ்வாயிலிருந்து வீட்டுக்குப் பேசுவது லேசான காரியமில்லை. அங்கே பேசுவதை இயந்திரம் எழுத்தாக மாற்றி அனுப்பும், இங்கே இன்னொரு இயந்திரம் அதே குரலில் பேசிக் காட்டும். அதுவும் எல்லாருக்கும் கிடையாது. குடியேறி ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு உண்டு. அதில் துணை, பிள்ளை, தாய், தந்தை என்ற இடங்களில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குக் குரல். உடன்பிறந்தவர்களுக்கு எழுத்து. மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நறுமுகையின் கோப்பில் தாய் என்ற இடத்தில் ஷர்மிளா என்று இருந்தது. எழுதியது யார்? பிள்ளையே எழுதினாளா? மூன்று வருஷமாக இந்த ஒரு கேள்வியைத்தான் தமயந்தி சோற்றோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

இதில் வேடிக்கை, அந்தக் கோப்புகளையெல்லாம் நிர்வகிக்கும் சிறுசேரி அலுவலகத்தில்தான் அவளுக்கும் வேலை. ஆனால் அவள் பிரிவு சரக்குப் பிரிவு. பருப்பும் மருந்தும் திருகாணியும் எந்தப் பெட்டியில் எத்தனை போகலாம் என்று கணினிக்குச் சொல்லும் விதிப்பட்டியலை, ஸ்கீமாவை, அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். மனிதர்களுக்கான ஸ்கீமா வேறு பிரிவு. அதைத் திறந்து பார்க்க அவளுக்கும் அனுமதி உண்டுதான். பார்த்தால் விடை தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே பார்க்காமல் இருந்தாள்.

திங்கட்கிழமை பார்த்தாள்.

எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில் ஒன்றைத் தேடுவது, விலாசம் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டைத் தேடுகிற மாதிரி. கேட்கிற வீட்டிலெல்லாம் அடுத்த தெருவைக் காட்டுவார்கள். 'குடியேறி' என்ற கோப்பைத் திறந்தாள். உறவுகள் இங்கே இல்லை, 'சொந்தவிவரம்' என்ற வகையைப் பார் என்றது. அந்த வகை வேறொரு கோப்பில் இருந்தது. அங்கே போனால் அதுவும் இன்னொரு பழைய வகையின் மேல் ஒட்டுப்போட்டது என்று தெரிந்தது. வரையறைக்குப் போ, மறுபடி வரையறைக்குப் போ என்று விசையைத் தட்டித் தட்டி, யாரும் வருஷக்கணக்கில் தொடாத ஒரு கோப்பின் அடிவயிற்றுக்கு வந்து சேர்ந்தாள். குடியிருப்பு உருவாவதற்கு முன்பே யாரோ எழுதியது. 'தாய்' என்பதற்குக் கீழே சிறு குறிப்பு இருந்தது. ஒருவர் மட்டும். பிறப்புப் பதிவிலிருந்து தானாக நிரப்பப்படும். கோப்பு செல்லுபடியாக உள்ளவரை பூட்டியிருக்கும், பிழை நேர்ந்தால் மட்டும் திருத்துவதற்காக உரியவருக்குத் திறக்கப்படும்.

தானாக நிரப்பப்படும். தமயந்தி அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிள்ளை எழுதவில்லை. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

அங்கிருந்து செய்திகளுக்கான ஸ்கீமாவுக்குப் போனாள். அதையும் இரண்டு மூன்று வாசல் ஏறி இறங்கிப் பிடித்தாள். பேச்சில் வருகிற ஒவ்வொரு ஆளும் பேசுபவரின் கோப்பில் இருக்கும் ஆளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயரும் அதைச் சேர்ந்த வார்த்தைகளும் வெட்டப்படும். அனுப்புகிற இடத்தை மிச்சப்படுத்த வைத்த ஏற்பாடு. வெட்டிய தடம் தெரியாமல் குரலை இழுத்து ஒட்டிவிடும். நறுமுகை 'சித்தி' என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். சொல்லச் சொல்ல இயந்திரம் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

தமயந்தி எழுந்து போய்க் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாயில் முந்தானையை வைத்து அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு முகம் கழுவிக்கொண்டு நேராகப் பிலோமின்ராஜின் அறைக்குப் போனாள். ஸ்கீமாக்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"சார், மனுஷங்க ஸ்கீமாவுல ஒரு எலிமென்ட், புதுசா ஒரு இடம், சேர்க்கணும். 'மற்றவர்'னு. விருப்பப்பட்டவங்க நிரப்பிக்கட்டும்."

"யாரு கேட்டாங்க?"

"கேக்க முடியாதவங்க சார். அதுல இடம் இல்லாதவங்க எப்படிக் கேப்பாங்க? அஞ்சு அடுக்கு டிபன் கேரியர் குடுத்துட்டு இதுல கொள்றது மட்டும்தான் சாப்பாடுன்னா, ஆறாவது கறியைக் கொட்டத்தான வேணும்?"

பிலோமின்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பொண்ணு அங்க இருக்கால்ல?"

"ஆமா சார்."

"மொதல்லயே அப்படிச் சொல்ல வேண்டியதுதான. டிபன் கேரியர் எல்லாம் எதுக்கு?" என்றார். "எழுத்து மட்டும்தான் தர முடியும். குரல் கேக்காதீங்க. பர்வீன் ரிவ்யூ பண்ணட்டும்."

இதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு எத்தனை 'மற்றவர்' அனுமதிக்கலாம் என்று பெரிய ரகளை. ஒருவர் போதும் என்றது ஒரு கட்சி. கணக்கே வேண்டாம் என்றது இன்னொன்று. அப்புறம் ஊரையே சேர்த்துக்கொள்வார்கள் என்று பயந்தது மூன்றாவது. அதிகபட்சம் ஒன்று என்று முடிவானபோது டீ ஆறிவிட்டிருந்தது. அதிகபட்சத்துக்காக அவ்வளவு அடித்துக்கொண்டவர்களில் ஒருவர்கூடக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்கவில்லை. விருப்பப்பட்டால் நிரப்பலாம் என்பது அவ்வளவு தெளிவாக எல்லார் மனசிலும் இருந்தது. மனசில் இருந்ததை ஸ்கீமா எப்படிப் படிக்கும்?

தமயந்தி எழுதினாள். கூட வேலை செய்கிற பர்வீன் சரிபார்த்தாள். சோதனைக்கு வைத்த மாதிரிக் கோப்புகள் எல்லாம் தமயந்தியே உருவாக்கியவை, எல்லாவற்றிலும் ஆசை ஆசையாக 'மற்றவர்' நிரப்பியிருந்தாள். எல்லாம் தேறின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் அனுப்பக் கூடாது என்பது அந்தத் தொழிலில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சனிக்கிழமை காலை பர்வீன் போன் பண்ணினாள்.

"தமா, மின் அக்கர்ஸ் எங்கடி?"

தமயந்திக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்கீமாவில் மின் அக்கர்ஸ், அதாவது குறைந்தபட்சம் எவ்வளவு என்று, எழுதாமல் விட்டால் ஒன்று என்று அர்த்தம். பூஜ்யம் என்று எழுதினால்தான் 'இல்லாமலும் இருக்கலாம்'. அவள் எழுதவில்லை. செவ்வாயில் இருந்த அத்தனை பேரின் கோப்பும் ஒரே நேரத்தில் செல்லாமல் போயிருந்தது. ஒவ்வொருவர் திரையிலும் ஒரே வாசகம். உங்கள் கோப்பு செல்லாது. 'மற்றவர்' என்ற இடத்தில் ஒருவர் பெயரைக் கட்டாயம் நிரப்பவும். நிரப்பும்வரை வீட்டுச் செய்தி போகாது, வராது.

"நானும் பாக்கல தமா," என்றாள் பர்வீன் அழுகிற குரலில். "பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணு. அப்படியே தாண்டிப் போயிட்டேன்."

திருத்தத்தை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை அனுமதித்து, அனுப்பி, அங்கே ஒவ்வொரு கோப்பாகச் சரிபார்த்து முடிப்பதற்குள் வாரம் ஓடிவிட்டது. அதற்குள் குடியேறிகள் நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். கட்டாயம் என்றால் செய்துவிட்டுப் போகிற ஜனங்கள்தானே நாம்.

அந்த வாரம் அலுவலகத்தில் போன் வாய் மூடவில்லை. கரூரிலிருந்து ஒரு பெண், "என் வீட்டுக்காரர் பேச்சுல கிறிஸ்டினான்னு ஒருத்தி பேரு புதுசா வருதே, யாருங்க அவ?" என்று தமயந்தியிடமே கேட்டாள். சேலத்தில் ஒருவர் இறந்துபோன செய்தி, நிரப்ப மறுத்துப் பிடிவாதமாக இருந்த மகனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் போனது. இன்னொருவர் செத்துப்போன தன் நாயின் பெயரை எழுதியிருந்தார். ஒரு கிழவர் தன் பெயரையே எழுதிக்கொண்டார்.

பிலோமின்ராஜ் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"அந்தச் சேலத்துப் பையன்கிட்ட நான்தான் பேசினேன்," என்றார். "அப்பாவை எடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ரெண்டு வார்த்தையாவது சொல்லி அனுப்பியிருப்பேன் சார்னு சொன்னான். நான் என்னம்மா பதில் சொல்லட்டும்?"

"என் தப்பு சார்."

"உங்க ஆசைம்மா. ஆசையில தப்பு பண்ணா கண்ணு தெரியாது." விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். அவளுடைய அடையாள அட்டையைத் தானே வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

'மற்றவர்' என்ற இடத்தைத் தூக்கிவிடுவதா வேண்டாமா என்று மேலிடம் யோசித்தது. தூக்கலாமென்று குடியேறிகளிடம் சொன்னபோது அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சண்டை வந்தவர்கள்கூட, போட்ட பெயரை எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில், விருப்பமிருந்தால் மட்டும் என்று திருத்தி அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

தமயந்திக்கு இதெல்லாம் பர்வீன் சொல்லித்தான் தெரியும். நறுமுகை யார் பெயரை எழுதினாள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பர்வீன் பார்த்துச் சொல்லிவிடுவாள், அப்புறம் அவள் வேலைக்கும் ஆபத்து. கேட்கவில்லை. எழுதியிருந்தால் வீட்டுச் செய்தி வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு வரி எழுத்து வரும். எழுதாமல் யாரோ ஒரு சிநேகிதன் பெயரை எழுதியிருந்தால்? இருபத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு அப்படி ஒருவன் இருக்கக் கூடாதா என்ன? இருக்கட்டும், நல்லா இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தாள். மனசு ஒத்துழைக்கவில்லை. ஒரு சேலத்துப் பிள்ளையின் துக்கத்தில் கிடைக்கப்போகிற நாலு வரிக்காக இப்படித் தவிக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக வந்தது. வெறுப்பு வந்தும் தவிப்பு அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் போன் ஒலித்தது. திரையைப் பார்த்தாள். செவ்வாயிலிருந்து. எழுத்து இல்லை, குரல். திறந்து கேட்கவும் என்றது.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. மற்றவருக்கு எழுத்து மட்டும்தானே. திறக்கக் கை நீட்டியபோது வீட்டிலிருந்த பழைய தொலைபேசி மணி அடித்தது. ஷர்மிளா.

"எனக்கு இந்த வாட்டி குரல் வரல," என்றாள் எடுத்ததும். "எழுத்துதான் வந்திருக்கு. 'ஷர்மிளா அம்மா'ன்னு பேர் சொல்லி ஆரம்பிச்சிருக்கா. மேல சின்னதா 'மற்றவர்'னு போட்டிருக்கு."

தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. செல்லாத கோப்பு உரியவருக்குத் திறக்கும். ஒரு இடம் மட்டுமில்லை, முழுக் கோப்பும் திறக்கும். அவள் செய்த பிழையில் எல்லாப் பூட்டும் கழன்றிருந்தது. நறுமுகை புது இடத்தில் பெற்றவளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, தாய் என்ற இடத்தில் தமயந்தி என்று தன் கையால் எழுதியிருக்கிறாள்.

"அக்கா," என்றாள். முதல் தடவையாக அந்த வார்த்தை தானாக வந்தது. "நான் இதைக் கேக்கல. சத்தியமா கேக்கல. உங்க இடத்தை எடுக்கணும்னு நான் நினைக்கவே இல்ல."

"கேட்டாத்தான் என்ன. போட்டுட்டுப் போனவ நாந்தான." ஷர்மிளா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா அவ குரலக் கேட்டுப் பழகிட்டு. எனக்குன்னு பேசலன்னாலும் காதுல விழுந்துட்டு இருந்துச்சுல்லா. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

அந்த 'ஒரு மாதிரி' எப்படி இருக்கும் என்று தமயந்தியை விட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்.

"போனை வைக்காதீங்கக்கா. நானும் இன்னும் கேக்கல. ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்."

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்து, பக்கத்தில் தன் போனை வைத்துத் திறந்தாள்.

"சித்தி," என்றது நறுமுகையின் குரல். "கேக்குதா? இந்த வாட்டியாவது வருதா? சித்தி, சித்தி, சித்தி. மூணு தடவை சொல்லிட்டேன், ஒண்ணாவது வந்து சேரும். எனக்கு இங்க தூக்கமே வரல. ஸ்டேஷன் பேரெல்லாம் எனக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க, எல்லாம் தெரியும். நானே சொன்னா கோடம்பாக்கத்துக்கு மேல வண்டி நகர மாட்டேங்குது. நீங்க சொல்லி அனுப்புங்க. ஷர்மிளா அம்மாகிட்டயும் கோச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவங்களை எடுத்தா ஒரேயடியாப் போயிடுவாங்க, எனக்கு ரெண்டு பேரும் வேணும். இடம் கிடைச்சதும் மாத்தி உக்கார வெச்சுட்டேன்."

ஒரு தடவைக்கு அவ்வளவு நேரம்தான் அனுமதி. குரல் நின்றது.

ஷர்மிளா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சோறு ஆறிப்போயிருந்தது.

"சொல்லி அனுப்புங்க," என்றாள் ஷர்மிளா. "பிள்ள தூங்கட்டும்."

தமயந்தி பதிவு செய்யும் பொத்தானைத் தட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பழைய நிதானத்தில், இல்லாத முதுகைத் தட்டுகிறவள் மாதிரி மேஜையைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். "கடற்கரை. கோட்டை. பூங்கா. எழும்பூர். சேத்துப்பட்டு. நுங்கம்பாக்கம். கோடம்பாக்கம்."

அங்கே நின்றுவிட்டாள். அத்தனை வருஷமும் அங்கேதான் நிறுத்தியிருக்கிறாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை. வாய் திறந்திருந்தது, பேர் வரவில்லை. தினம் போய்வந்த பாதை, கண்ணை மூடினால் ஓடும் பாதை, அடைத்துக்கொண்டு நின்றது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"மாம்பலம்," என்றாள் ஷர்மிளா தொலைபேசியிலிருந்து, தயங்கித் தயங்கி.

இடம் மாறினாலும் அவளும் கோப்பில் இருந்தாள். அவள் பேச்சை இயந்திரம் வெட்டாது.

"சைதாப்பேட்டை," என்றாள் தமயந்தி.

"அடுத்து எதுங்க?"

"கிண்டி. சொல்லுங்கக்கா."

"கிண்டி," என்றாள் ஷர்மிளா.